கிணற்றடியிலிருந்து கூரைமேல்: கல்முனைக் கரையின் வீட்டு நீர்

கிழக்கிலங்கையின் பழைய வழக்கில் கடலை அடுத்த நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள நிலம் படுவான்கரை எனவும் பெயர் பெறும். ஞாயிறு எழும் பக்கத்தையும் படும் பக்கத்தையும் நோக்கி மக்கள் இட்ட பெயர்கள் இவை. மட்டக்களப்பு வாவியின் தென்கோடியிலிருந்து தெற்கு நோக்கி, கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. இன்னும் தெற்கே சென்றால் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. இவற்றுட் காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். ஏனையவற்றில் வாழ்வோருட் பெரும்பாலார் தமிழ் பேசும் முஸ்லிம்கள். ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தைப் பெயர்ப்பலகை கொண்டே அயலார் அறிதல் வேண்டும். அத்துணை நெருக்கமாக வீடுகள் நிற்கின்றன.

இவ்வூர்களில் இன்று எந்த மாடியில் ஏறி நின்று பார்த்தாலும், தென்னந்தலைகளுக்கும் பள்ளிவாசல் மினாராக்களுக்கும் இடையே கண்ணிற்படுவன கரிய நீர்த்தொட்டிகளே. இரண்டு தலைமுறைக்கு முன் இக்காட்சி இல்லை. அன்று வீட்டு நீர் நிலத்துள் இருந்தது. இன்று கூரைமேல் இருக்கிறது. நிலத்திலிருந்த நீர் ஏன் கூரைக்கு ஏறியது என்னும் கேள்விக்கு விடை தேடினால், மண்ணின் இயல்பு, சீதன வழக்கம், சமயச் சட்டம், ஆங்கிலேயர் கொணர்ந்த சுகாதார விதி, கடலின் சீற்றம் ஆகிய பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

மண்ணிலிருந்து தொடங்குதல் முறை. கடற்கரை மணலில் ஐந்தாறு முழம் தோண்டினால் நன்னீர் ஊறுவது புதியவர்க்கு வியப்பாகும். கூப்பிடு தூரத்தில் உப்புக் கடல். காலடியிலோ குடிக்கத்தக்க நீர். மாரி மழை மணலூடே இறங்கி, கீழே நிறைந்துள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனத்தது. ஆதலால் ஒன்றின்மேல் ஒன்று படுக்கையிட்டாற்போல் நிற்கும். இதன் கணக்கை ஒல்லாந்தராகிய பாடன் கைபென் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் என்பவர் 1901இலும் தனித்தனியே கண்டு கூறினர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. கேட்பதற்கு மகிழ்ச்சி தரும் கணக்கே. ஆனால் அதனைத் திருப்பிப் படித்தல் வேண்டும்: மேலே ஓரடி நீரை இறைத்துத் தாழ்த்திவிட்டால், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறத் தலைப்படும். வாளியும் கயிறும் கொண்டு இறைப்பவனால் இத்தீங்கைச் செய்ய இயலாது. இயந்திரப் பம்பி இதனைச் செய்ய வல்லது.

ஆகவே கரையோரக் கிணறு ஆழமற்றது, அகன்றது, கைக்கு எட்டுவது. பழைய கிணறுகளில் துலா இருந்தது. பின்னர் சீமெந்து வளையங்கள் இறக்கிய கிணறுகளும் கப்பியும் வந்தன. கிணற்றடி என்பது வீட்டின் ஒரு பகுதியாகவே விளங்கிற்று. அங்கே குளித்தனர், துவைத்தனர், அரிசி களைந்தனர், மீன் கழுவினர். தென்னோலை வேலி கட்டி மறைத்த அவ்விடம் பெண்களின் தனியிடமாகவும் இருந்தது. வழிந்த நீர் அருகில் நின்ற வாழைக்கோ தென்னைக்கோ சென்றது.

வளவு பெரிதாய் இருந்தவரை இவ்வமைப்பிற் குறையொன்றும் இல்லை. குறை வளவு சுருங்கியதால் வந்தது. அது சுருங்கிய விதத்தை அறிதற்கு இக்கரையின் சீதன வழக்கத்தை நோக்குதல் வேண்டும். இப்பகுதித் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வதே மரபு. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்தல் பெற்றோர் கடன். அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை விரிவாக எழுதியுள்ளார். மூத்த மகள் மணம் முடிக்கும்போது தாய் வீடு அவளுக்காகும், அடுத்தவளுக்கு அதே வளவில் ஒரு வீடு எழும்பும், மூன்றாமவளுக்கு இன்னொன்று. சகோதரிகள் அருகருகே வாழ்வது நல்லதோர் ஏற்பாடு. துன்பத்திலும் இன்பத்திலும் ஒருவர்க்கொருவர் துணை. ஆனால் இரண்டு தலைமுறையில் ஒரு வளவு நான்காகும், ஆறாகும். கிழக்கே கடலும் மேற்கே வயலும் இருக்க, ஊர் அகலுவதற்கும் வழியில்லை. வயலை நிரப்பி வீடு கட்டினால் வெள்ளாமைக்கு நிலம் குறையும். மாரியில் வெள்ளம் வழியக் கிடைக்கும் இடமும் குறையும். கிணறு முதலில் நடுவிலே பொதுவாய் நின்றது. பின்னர் மதில்கள் எழுந்தன; மதிலுக்கு மதில் ஒரு கிணறும் வேண்டியதாயிற்று.

வீட்டுக் கிணறு இவ்வாறிருக்க, ஊருக்குப் பொதுவான நீர்த்தொட்டி பள்ளிவாசலில் இருந்தது. அதுவே ஹவுழ். தொழுகைக்கு முன் முகமும் கையும் காலும் கழுவி வுழூச் செய்தற்குரிய தொட்டி. கல்முனைக் கரையின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ சட்டமரபைப் பின்பற்றுவோர். அம்மரபில் தேங்கிய நீருக்குத் திட்டமானதோர் அளவு உண்டு. இரண்டு குல்லத்து என்பது அதன் பெயர். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழமாக அமைந்த தொட்டி கொள்ளும் நீர் இதுவெனச் சட்ட நூலார் விளக்குவர். நிறுத்துச் சொல்லின் 500 பக்தாது இறாத்தல். இக்காலத்தார் கணக்கில் ஏறத்தாழ 216 லீற்றராகும். இவ்வளவுக்குக் குறைந்த தேங்கு நீரில் அசுத்தம் பட்டாலே அது வுழூவுக்கு உதவாது. இவ்வளவோ இதனின் மிக்கதோ ஆயின், நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அது கெடாது. ஹனஃபி மரபினர் இதனினும் பெரிதாக, பத்து முழத்துக்குப் பத்து முழம் என்னும் பரப்பை அளவாகக் கொள்வர். வட இந்தியப் பள்ளிவாசல்கள் சிலவற்றின் முற்றங்களிற் பெருந் தடாகங்களைக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தொட்டியின் கொள்ளளவை விதித்து, அதனை முழக்கோலால் அளக்கவும் செய்த சட்டம் ஒன்று இக்கரையில் மாநகர சபையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருதற்கு நெடுங்காலம் முன்பே வழங்கியது என்பது கருதத்தக்கது. அது வழிபாட்டுத் தூய்மையைப் பற்றிய சட்டம்; கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளைப் பற்றியதன்று. எனினும் நிறம், சுவை, மணம் என்னும் மூன்றையும் நோக்கி நீரைச் சோதிக்கும் பழக்கத்தை அது மக்களுக்கு ஊட்டிற்று. குறைந்த நீருக்குள் கையைத் தோய்க்காது, அள்ளி ஊற்றிக் கழுவும் வழக்கமும் அதனின்று வந்ததே.

கிணற்றைச் சுற்றிய நிலத்துக்கும் இஸ்லாமியச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு, அது ஹரீம். கிணற்றுக்குத் தீங்கு நேராதபடி அதனைச் சுற்றி விடவேண்டிய காப்பு நிலம் என்பது பொருள். கால்நடைக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழம் என ஓர் அளவு பழைய மரபுரைகளில் வரும். ஷாஃபிஈ நூலாரோ தேவையையும் வழக்கத்தையும் நோக்கி அதனை வரையறுப்பர். 1277ஆம் ஆண்டில் மறைந்த இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' என்னும் நூல் இவ்விடத்தில் நகர வாழ்வைக் கருதி ஒரு முடிவு கூறுகிறது. நாற்புறமும் வீடுகளாற் சூழப்பட்ட வீட்டிற்கு ஹரீம் இல்லை. அவரவர் தத்தம் நிலத்தை வழக்கப்படி ஆளலாம். வழக்கத்தின் எல்லையை மீறிப் பிறர்க்கு இழப்பு விளைத்தால் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் கருத்து. தரிசு நிலத்தில் தோண்டிய கிணற்றுக்குக் காப்பு நிலம் விடலாம். நெருங்கிய ஊரில் எங்கே விடுவது? அந்த இக்கட்டு 13ஆம் நூற்றாண்டின் திமிஷ்கு நகரத்தார்க்கும் இருந்ததே போலும்.

நெருங்கிய ஊரில் எழுந்த பெருந்துன்பம் மலக்குழி. முன்னாளில் மக்கள் கடற்கரைக்கோ பற்றைக்கோ சென்றனர். பின்னர் வளவின் பின்புறம் குழி தோண்டி மலகூடம் கட்டினர். கக்கூஸ் என நாம் வழங்கும் சொல்லே ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். மணற்றரையில் குழியும் கிணறும் ஒரே நீரிலே நிற்கின்றன என்பதை எளிதில் எவரும் எண்ணுவதில்லை. மேலே மதில் இருக்கலாம். கீழே மதில் இல்லை.

நீரினூடே நோய் பரவும் என்பதை உலகம் உணர்ந்ததும் அண்மையிலேதான். 1854இல் இலண்டன் மாநகரின் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் சுனோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவர்கள் ஒரே பம்பிக் கிணற்று நீரைப் பயன்படுத்தியமையைக் காட்டினார். அக்கிணற்றுக்கு மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னர்த் தெரியவந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் வேண்டும் என்னும் விதி இத்தகைய துன்பங்களின் பயனாகப் பிறந்தது. 50 அடி என்பது சுகாதார அதிகாரிகள் பல நாடுகளிலும் கூறிவந்த அளவு. இலங்கையில் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தபின், வீடு கட்டுவோர் வரைபடம் காட்டி உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெறவேண்டியதாயிற்று. வரைபடத்தில் கிணறு ஒரு வட்டம். குழி ஒரு சதுரம். நடுவிலே ஓர் அளவு.

அந்த அளவைக் கல்முனை வளவு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். 1978இல் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு விதிகள் வீட்டு நிலத்திற்குக் குறைந்த அளவாக 150 சதுர மீற்றரைக் கொண்டன; மக்கள் கணக்கில் 6 பேர்ச். இது சதுரமாய் இருப்பின் ஒரு பக்கம் 12¼ மீற்றர். ஐம்பது அடியோ 15¼ மீற்றர். ஆகவே எந்தப் பக்கமாக அளந்தாலும் விதி நிறைவேறாது. ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையே மட்டும் 17 மீற்றர் அளவு கிடைக்கும். சரி, மனையடி சாத்திரம் சொல்வதுபோல் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், கிணறு அமைத்து, தென்மேற்கு மூலையில் குழி தோண்டினார் என்க. வரைபடம் குற்றமற்றது, அனுமதியும் கிடைக்கும். ஆனால் கிழக்கு வீட்டாரும் வடக்கு வீட்டாரும் அவ்வாறே செய்வரன்றோ? கிழக்கு வீட்டாரின் தென்மேற்கு மூலைக் குழி இவர் கிணற்றுக்கு 12 மீற்றரில் வந்து நிற்கும். வடகிழக்கு மூலையை அடுத்துள்ள வளவுக்காரரின் குழியோ இவர் கிணற்றோடு முதுகொட்டி நிற்கும். ஒவ்வொருவரும் விதியைக் காத்தனர்; ஒருவர் கிணறும் காக்கப்படவில்லை. 6 பேர்ச்சிலும் குறைந்த சீதன வளவுகளின் நிலை கூற வேண்டியதில்லை.

இந்நிலைக்கு மாற்று தொலைவிலிருந்து குழாய் வழியே நீர் கொணர்தல். அத்தகைய பெருநீர் மேற்கே தோன்றியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணை எழுந்தது. சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளம் 1950களின் தொடக்கத்தில் உருவாயிற்று. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கிய ஆறே அது. எனினும் அந்நீர் வயலுக்கு வந்தது, வீட்டுக்கு வரவில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தோன்றி, அடுத்த ஆண்டிற் பணி தொடங்கிற்று. அதன்பின்னும் நெடுங்காலம் கரையோர மக்களிற் பெரும்பாலார்க்குக் கிணறே கதி. போரின் ஆண்டுகள் இப்பணிகளைத் தாமதப்படுத்தின.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வரிசைகள் அடியோடு அழிந்தன. அலை வடிந்தபின் எஞ்சிநின்ற கிணறுகளில் உப்பும் சேறும் மலக்குழிகளின் கழிவும் நிறைந்திருந்தன. நூற்றாண்டுகளாக மழை சேர்த்த நன்னீர்ப் படுக்கை சில நிமிடங்களிற் கெட்டது.

உதவ வந்தோர் முதலிற் செய்தது கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்தல். நல்லெண்ணத்தாற் செய்த இப்பணி சில இடங்களிற் பிழைபட்டது. முன்னர்க் கூறிய 40 அடிக் கணக்கை அவர்கள் நினைக்கவில்லை. பம்பி வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தபோது, மேலேயிருந்த சிறிதளவு நன்னீர் போக, அடியிலிருந்த உவர்நீர் மேலேறியது. சேற்றை அகற்ற ஒருமுறை இறைப்பதோடு நிறுத்தி, உப்பைக் கழுவும் வேலையை மழைக்கு விட்டுவிடுவதே தக்கது என்று நிலநீர் ஆய்வாளர் அறிவுறுத்தினர். அடுத்தடுத்த மாரிகளே கிணறுகளைத் திருத்தின.

அதுவரை மக்கள் அருந்தியது பவுசரில் வந்த நீர். முகாம்களிலும் சந்திகளிலும் மேடையமைத்துப் பிளாஸ்டிக் தொட்டிகள் வைக்கப்பட்டன. இவற்றுக்கும் விதிகள் இருந்தன. அனர்த்தக் காலத்துக்கென உலகத் தொண்டு நிறுவனங்கள் வகுத்த 'ஸ்பியர்' என்னும் நெறிமுறைகளின்படி ஒருவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர். 250 பேருக்கு ஒரு குழாய். மலக்குழி நிலநீர் ஊற்றிலிருந்து 30 மீற்றர் தள்ளியும், அதன் அடி நிலநீர் மட்டத்துக்கு ஒன்றரை மீற்றர் மேலாகவும் இருத்தல் வேண்டும். கல்முனைக் கரையில் மாரிக் காலத்து நிலநீர் தரைக்கு மிக அருகில் நிற்கும். அங்கே ஒன்றரை மீற்றர் மேலாகக் குழி அமைப்பதெனின், குழி தரைக்கு மேலேதான் இருத்தல் வேண்டும். உயர்த்திக் கட்டிய மலகூடங்கள் முகாம்களில் எழுந்தமைக்குக் காரணம் இதுவே. அவ்வேளையில் அரசாங்கம் வடக்கு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என விதித்தது. தென்கரையில் அவ்வளவு 100 மீற்றர். பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், இடமின்மையால் அடுக்குமாடி வீடுகளும் கல்முனைப் பகுதியில் வந்தன. அடுக்குமாடிக்குக் கிணற்றடி கிடையாது.

இக்காலத்திலும் இதனை அடுத்தும் குழாய்நீர் கரையூர்களுக்குப் பரந்தது. அம்பாறைக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு, பெருங்குழாய்கள் வழியே கிழக்கு நோக்கி வந்தது. குழாய்நீர் எல்லா வேளையிலும் ஒரே விசையில் வருவதில்லை. வரும்போது பிடித்து வைத்தல் வேண்டும். மாடிக்கும் அது ஏறவேண்டும். எனவே நீர்த்தொட்டி கூரைக்குச் சென்றது.

தொட்டியை உயரத்தில் வைக்கும் இவ்வழக்கம் கல்முனைக்குப் புதிதாயினும் உலகுக்குப் பழையது. வெசூவியசு எரிமலைச் சாம்பலில் கி.பி. 79இற் புதைந்த பொம்பெயி நகரத்தின் தெருச் சந்திகளில், செங்கற் றூண்களின் தலையில் ஈயத் தொட்டிகள் இருந்தன. இலண்டனிலோ 19ஆம் நூற்றாண்டின் நீர்க் கம்பனிகள் நாளில் ஓரிரு மணி நேரமே நீர் விட்டமையால், வீடுதோறும் தொட்டி கட்டாயமாயிற்று. நீர் நாள் முழுதும் வரத் தொடங்கிய பின்னும் ஆங்கிலேயர் அத்தொட்டியைக் கைவிடவில்லை; கூரைக்கடியிலுள்ள பரணில் வைத்தனர். குளிர்நாடாகையால் அங்கே இரண்டு தொட்டி வேண்டும். ஒன்று குடிநீரல்லாத ஏனைய தேவைகளுக்கு. மற்றது சிறியது, வீட்டைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்களுக்குரியது. நீரைக் கொதிநிலைக்கு அண்மையாகச் சூடாக்கினால் 100 பங்கு 103 பங்குக்கு மேலாக விரியும். விரிந்தது செல்ல இடமின்றேல் குழாய் வெடிக்கும். ஆகவே அச்சிறு தொட்டி எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் நிற்றல் வேண்டும். உறைபனியிலிருந்து காக்கத் தொட்டியைச் சுற்றிக் கம்பளம் போர்த்துவர். அடியில் மட்டும் போர்த்தாது, கீழ்வீட்டின் வெப்பம் ஏற வழி விடுவர். பரண் தொட்டிகளில் எலியும் பறவையும் வீழ்ந்து கிடந்த கதைகள் பல. 1980களில் வந்த பிரித்தானிய நீர் விதிகளில் 30ஆம் விதி, இறுக மூடும் மூடியும் காற்றுத் துளைக்கு வலையும் வேண்டுமென வற்புறுத்திற்று.

கல்முனையில் வெந்நீர்க்குத் தனித்தொட்டி தேவையில்லை. கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலிற் குழாயைத் திறந்தால் கை சுடும். ஏனைய விதிகள் பனிநாட்டுக்கும் வெயில்நாட்டுக்கும் பொதுவானவை. முதலாவது எடை. ஆயிரம் லீற்றர் நீரின் எடை ஒரு தொன். அதனைக் கொங்கிறீற்றுத் தட்டின் நடுவில் வைப்பது தகாது. கீழே சுவரோ தூணோ தாங்குமிடத்தில், அடி முழுதும் படியும்படி வைத்தல் வேண்டும். அடுத்தது உயரம். பத்து மீற்றர் உயர நீர் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் தரும். ஒற்றைமாடி வீட்டின் தொட்டி இதில் மூன்றிலொரு பங்கைத்தான் தரக்கூடும். மேல்மாடிக் குளியலறையில் நீர் நூலாய் ஒழுகுவது இதனாலேயே. தெருக் குழாயில் நேரே பம்பியைப் பூட்டி உறிஞ்சுதல் தகாது. அவ்வாறு உறிஞ்சும்போது அண்டை வீட்டார்க்கு நீர் வராது. குழாயின் உள்ளே வெறுமை உண்டாகி, எங்கேனும் வெடிப்பிருப்பின் சுற்றியுள்ள நிலத்து அழுக்கும் உள்ளே இழுக்கப்படும். மணலில் மலக்குழிகளுக்கிடையே செல்லும் குழாய் அது என்பதை நினைத்தால் இவ்விதியின் கடுமை புரியும். முறையான வழி, நிலத்தொட்டியில் நீரை விழவிட்டு, அதிலிருந்து மேலேற்றுதல். அத்தொட்டியிலும் நீர் விழும் குழாயின் வாய் நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு காற்று வெளியே, தொட்டி நீர் பின்வாங்கித் தெருக் குழாய்க்குட் செல்லாது காப்பது. நிலத்தொட்டியை மலக்குழிக்கு அருகே அமைத்து, சீமெந்து வெடித்தால், கிணற்றுக்கு வந்த தீங்கு மீண்டும் வரும்.

தொட்டியின் மூடியை இலங்கையில் வற்புறுத்தியது நுளம்பு. டெங்கு பரப்பும் ஈடிசு நுளம்பு சாக்கடையை விரும்பாது. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். அதன் முட்டை நீர் வற்றிய சுவரிலும் மாதக்கணக்கிற் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இதன் பொறுப்பை வீட்டுக்காரர்மீதே சுமத்திற்று. 2017இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டனர். கிழக்கு மாகாணமும் அவ்வாண்டில் அல்லலுற்றது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென இலங்கை சான்று பெற்றது. அடுத்த ஆண்டிலேயே, சென்னை போன்ற நகரங்களில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகி மலேரியா பரப்பும் அனோபிலிசு இசுட்டீபன்சி என்னும் நுளம்பினம் மன்னாரிற் காணப்பட்ட செய்தி வெளிவந்தது. குழாய்நீர் வந்தபின் புழக்கமற்றுப்போன கிணறுகள் இதனால் மீண்டும் பரிசோதகரின் கண்ணுக்கு இலக்காயின. இறைக்கும் கிணற்றில் நீர் அசையும். கைவிட்ட கிணற்றில் அது நுளம்புக்குத் தொட்டிலாகும். வலை போட்டு மூடுமாறும் மீன்குஞ்சு விடுமாறும் சொல்லப்படுவது இதனால்.

மழைநீரைக் கூரையிலிருந்தே பிடித்துத் தொட்டியில் சேர்க்கும் முறையும் சட்டத்துள் வந்தது. தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நகரப் பகுதிகளின் புதிய கட்டடங்கள் பலவற்றுக்கு இதனை விதித்தது. கல்முனைக் கரையில் இதன் பயன் இருவகை: தொட்டி நிறையும், மிகுநீர் மணலில் இறங்க, அடியிலுள்ள நன்னீர்ப் படுக்கையும் தடிக்கும். முற்றம் முழுதும் சீமெந்து பூசிவிட்ட வளவுகளில் இரண்டாவது பயன் இல்லை.

பள்ளிவாசல்களிலும் ஹவுழின் இடத்தை வரிசைக் குழாய்கள் பிடித்துவருகின்றன. ஓடும் நீரில் வுழூச் செய்தலால் இரண்டு குல்லத்துக் கணக்குக்கு வேலை குறைந்தது. ஹவுழைப் பேணும் பள்ளிவாசல்களும் உள்ளன. முதியோர் அதன் விளிம்பில் அமர்ந்து வுழூச் செய்வதையே விரும்புவர். குனிய வேண்டியதில்லை என்பது அவர்கள் கூறும் காரணம்.

குடிநீர் கூரைக்கு ஏறிவிட்டதாயினும் மலக்குழி நிலத்திலேயே இருக்கிறது. குழாய்நீர் வந்தபின் வீட்டில் நீர்ச்செலவு கூடிற்று. குழிக்குச் செல்லும் நீரும் கூடிற்று. குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகளில் இன்னும் கிணற்று நீரே பயன்படுகிறது. 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பம்பி ஓடாவிடில் நிலத்தொட்டி நீர் மேலேறாது. கூரைத்தொட்டி வற்றினால் குழாயிற் காற்றே வரும். கிணற்றைத் தூர்த்து அறை கட்டிய வீட்டார் வாளியோடு அடுத்த வளவுக்குச் செல்லவேண்டியதாயிற்று. அடுத்த வளவு பெரும்பாலும் சகோதரியின் வீடு.